மெய்யாய் நடந்ததா, சாமி?

பழைய கதைகளைக் கேட்போருக்கும் சொல்வோருக்கும் ஒரு சிறு பாடம்



ஏறக்குறைய பதினேழு வருஷங்களுக்கு முன், நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், நம் மாவட்டத்துப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிறுவர்களுக்கு ஞானோபதேச வகுப்பு. அன்று பாடம் வேதசாட்சி தேவசகாயம். சேவகர் அவரைக் கட்டி இழுத்து வந்ததையும், அவர் தாகத்தால் தவித்ததையும், புலியூர்க்குறிச்சிப் பாறையிலிருந்து தண்ணீர் புறப்பட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது பின் வரிசையிலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "மெய்யாய் நடந்ததா, சாமி?" என்று கேட்டான்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "வேதசாட்சியையே சந்தேகிக்கிறாயா? உட்காரு!" என்று அதட்டினேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சென்ற வருஷம் அவனுடைய பாட்டியின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். வெளியூரில் வேலை பார்க்கும் அவனும் வந்திருந்தான். கல்லறையில் செபம் முடிந்து எல்லாரும் கலைந்த பின், மரியாதையோடு என் பக்கத்தில் வந்து, "கோவிலுக்குப் போறதை விட்டு ரொம்ப நாளாச்சு, சாமி. அந்தப் பாறைக் கதைக்கு ஒரு ஆதாரமும் கிடையாதுன்னு காலேஜிலே ஒருத்தர் சொன்னார். அது கதைன்னா எல்லாமே கதைதானேன்னு விட்டுட்டேன்" என்றான். அவன் சொற்களில் கோபமில்லை. அதுவே எனக்கு அதிக வேதனையாயிற்று.

அன்று அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை, பதினேழு வருஷம் தாமதமாக, இந்தப் பாடத்தில் எழுதுகிறேன். நம் வீடுகளில் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்; கேளாமல் மனதில் வைத்துக்கொள்ளுகிறவர்கள் இன்னும் அதிகம். ஆகையால் பெற்றோரும், பாட்டன் பாட்டிமாரும், ஞானோபதேச ஆசிரியர்களும் பொறுமையோடு வாசிப்பார்களாக.

1. கதைகள் மூன்று வகை

நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பழைய கதைகளை மூன்று வகையாய்ப் பிரிக்கலாம்.

முதல் வகை சரித்திரம். இன்ன வருஷத்தில், இன்ன இடத்தில், இன்னார் இதைச் செய்தார் என்று அது சொல்லுகிறது. அப்படிச் சொல்லுவதால், அதனிடம் சாட்சி கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வகை ஐதிகம். மெய்யாய் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றியோ, மெய்யாய் உள்ள ஓரிடத்தைப் பற்றியோ வாய்வழியாய் வழங்கி வருவது. இதில் நடந்ததும் கலந்திருக்கலாம். ஜனங்களின் அன்பு சேர்த்ததும் கலந்திருக்கலாம்.

மூன்றாம் வகை நீதிக் கதை. சிங்கமும் நரியும் பேசும்; மரங்கள் கூட்டம் கூடும். அது நடந்தது என்று சொல்லுகிறவரும் எண்ணுவதில்லை, கேட்கிறவரும் எண்ணுவதில்லை.

சந்தையிலே அரிசியைப் படியால் அளக்கிறோம். துணியை முழத்தால் அளக்கிறோம். படியைக் கொண்டு துணியை அளக்கப் புகுந்தவன் துணியையும் பழிப்பான், படியையும் பழிப்பான். கதைகளின் காரியமும் இப்படியே. அந்தந்தக் கதைக்கு அந்தந்த அளவுகோல் உண்டு. அதை மாற்றிப் பிடிப்பதால் வருவதே பெரும்பாலான குழப்பம்.

2. சரித்திரம் சாட்சி கேட்கும்

தேவசகாயத்தையே எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றி நாம் உறுதியாய்ச் சொல்லக்கூடியது என்ன?

அவர் 1712-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ம் நாள் நட்டாலத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் அரண்மனை ஊழியத்தில் இருந்தார். 1741-ல் குளச்சலில் ஒல்லாந்தர் தோல்வியுற்றபோது சிறைப்பட்ட எஸ்தாக்கியுஸ் டிலனாய் என்ற கத்தோலிக்கத் தளகர்த்தர், பின்னர் அதே மன்னரின் சேனையைப் பயிற்றுவிப்பவரானார். அவர் வழியாய் நீலகண்டன் நம் வேதத்தை அறிந்தார். 1745-ம் ஆண்டு மே மாதம் வடக்கன்குளம் கோவிலில், சேசு சபைக் குருவாகிய புத்தாரி சுவாமியார் கையால் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் எனப் பெயர் பூண்டார். லாசர் என்னும் வேதாகமப் பெயரின் தமிழ் வடிவம் அது. 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். மூன்று வருஷம் பலவித உபாதைகளை அனுபவித்து, 1752-ம் ஆண்டு ஜனவரி 14-ம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகள் கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில், இன்றைய மேற்றிராசனக் கோவிலில், அடக்கம் செய்யப்பட்டன.

"இதற்குச் சாட்சி உண்டா?" என்று பையன் கேட்டால், "உண்டு" என்று நேராகச் சொல்லலாம். அவர் இறந்து நாலே வருஷத்துக்குப் பின், 1756-ல், கொச்சி மேற்றிராணியார் இந்த வேதசாட்சி மரணத்தை உரோமாபுரிக்கு எழுத்து மூலம் அறிவித்தார். அக்காலத்தில் தென் திருவிதாங்கூர்க் கத்தோலிக்கர் கொச்சி மேற்றிராசனத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே தம் சொந்த மந்தையில் நடந்த ஒரு காரியத்தையே அவர் எழுதினார். 1780-ல் மலையாள நாட்டுக் குருவாகிய கரியாட்டில் யோசேப்பு மல்பான் உரோமையில் இவருக்காக விண்ணப்பம் கொடுத்தார். டிலனாயின் கல்லறையோ, தமிழ், இலத்தீன் எழுத்துக்களோடு, இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தக்கலைப் பக்கம் போகிற எவரும் கண்ணால் பார்க்கலாம்.

திருவிதாங்கூர் அரசு ஏடுகளில் இந்த மரணத்துக்கு ஆதாரம் இல்லை என்று வாதித்த சரித்திர ஆசிரியர்களும் உண்டு. அதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். எதிர்வாதத்தை நம் வாயால் கேட்ட பிள்ளை, பிறர் வாயால் கேட்கும்போது திகைக்காது. திருச்சபையும் அவசரப்படவில்லை. வேதசாட்சி இறந்து 260 வருஷங்களுக்குப் பிறகு, 2012 டிசம்பர் 2-ம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கையால் உரோமையில் அர்ச்சியசிஷ்டர் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. அவ்வளவு காலம் விசாரித்த தாயாகிய திருச்சபையின் பிள்ளைகள், ஒரு சிறுவனின் ஒரு கேள்விக்கு அஞ்சலாமா? நான் அஞ்சினேன். என் கோபத்துக்குக் காரணம் பக்தி அல்ல, அச்சமே என்று இப்போது அறிகிறேன்.

3. பாறையும் வேம்பும் மணியோசையும்

இனி ஐதிகத்துக்கு வருவோம்.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தால் தவித்த வேதசாட்சி அங்கே செபம் செய்தார், பாறையிலிருந்து நீர் வந்தது என்று சொல்லுகிறார்கள். முழங்கையால் இடித்தார் என்பார் ஒருவர். முழந்தாளிட்ட இடத்தில் ஊறிற்று என்பார் இன்னொருவர். பெருவிளையில் அவரைக் கட்டிவைத்திருந்த வேப்பமரத்தின் இலை நோய் தீர்த்தது என்கிறார்கள். காற்றாடிமலையில் அவர் சுடப்பட்ட வேளையில் ஒரு பாறை பெயர்ந்து விழுந்தது; அன்று முதல் அதைக் கல்லால் தட்டினால் மணியோசை கேட்கிறது என்கிறார்கள்.

இவை மெய்யாய் நடந்தனவா? கவனமாய்ப் பிரித்துப் பார்ப்போம். புலியூர்க்குறிச்சிக் கோவில் வளாகத்தில் பாறையும் உண்டு, நீர் நிற்கும் சிறு குழியும் உண்டு. காற்றாடிமலைப் பாறை ஒலிப்பதையும் ஏறிப் போனவர்கள் காதால் கேட்கலாம். ஆனால் ஒலிக்கும் கல் நம் நாட்டில் புதுமையல்ல. சுசீந்திரம் தாணுமாலையன் கோவிலின் இசைத் தூண்களை நாஞ்சில் நாட்டார் யாவரும் அறிவார்கள். தட்டினால் ஒலிப்பது சில கருங்கற்களின் சுபாவம். ஆகவே பாறை ஒலிக்கிறதா என்பது கேள்வி அல்ல. என்று முதல் ஒலிக்கிறது என்பதே கேள்வி. அதற்கு எழுத்துச் சாட்சியைக் காட்டி விடை சொல்ல நம்மால் இயலாது.

அப்படியானால் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். சர்வேசுரனுக்குக் கல்லிலிருந்து நீர் வரவழைப்பது கடினமல்ல என்று மோயீசன் காலத்திலிருந்தே நாம் அறிவோம். நடந்திருக்கலாம் என்று நம்புகிறவன் மூடனல்ல. சாட்சி போதாது என்று தயங்குகிறவன் பாவியுமல்ல. இந்த ஐதிகங்களை விசுவாச சத்தியமாகத் திருச்சபை எவர் மேலும் சுமத்தவில்லை. பட்டம் கொடுப்பதற்கு அது ஏற்றுக்கொண்ட புதுமை இவற்றில் ஒன்றல்ல. தாயின் வயிற்றில் உயிர் அடங்கிற்று என்று கருதப்பட்ட ஒரு குழந்தை பிழைத்த, 2013-ல் நிகழ்ந்த, வைத்தியர்களைக் கொண்டு விசாரிக்கப்பட்ட காரியமே அது.

ஐதிகம் ஒன்றை மட்டும் நிச்சயமாய்க் காட்டுகிறது: ஜனங்கள் அவரை எவ்வளவு நேசித்தார்கள் என்பதை. அவர் தாகமாயிருந்தார் என்பதை இந்த நாட்டு ஏழைகளால் தாங்க முடியவில்லை. அவர் செத்தபோது மணி அடிக்கக் கோவில் இல்லை என்பதையும் தாங்க முடியவில்லை. ஆகையால் தலைமுறை தலைமுறையாய் அந்தப் பாறைகளைக் காட்டி அழுதார்கள். அந்தக் கண்ணீரும் ஒருவகைச் சாட்சியே. ஆனால் அது நேசத்துக்குச் சாட்சி, தேதிக்குச் சாட்சியல்ல.

இவ்வாறு பிரித்துப் பார்ப்பது இக்காலத்து அவிசுவாசிகள் கண்டுபிடித்த வேலை என்று எண்ண வேண்டாம். 1643-ம் ஆண்டிலேயே போலந்துஸ் என்ற சேசு சபைக் குருவும் அவர் துணைவரும் அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரங்களை ஏடு ஏடாய்ச் சோதித்து, பதரையும் மணியையும் பிரித்து, பெரும் தொகுதிகளாக அச்சிடத் தொடங்கினார்கள். 1969-ல் திருச்சபை தன் பொதுத் திருநாள் அட்டவணையைச் சீர்செய்தபோது, ஆற்றில் சேசு பாலனைச் சுமந்த அர்ச். கிறிஸ்தோபரின் திருநாளைப் பொது அட்டவணையினின்று எடுத்து, அவரவர் ஊர் வழக்கத்துக்கு விட்டது. அர்ச். அகுஸ்தீனார் கடற்கரையில் உலாவியபோது, சிப்பியால் கடலை மொண்டு குழியில் ஊற்றிய ஒரு பாலனைக் கண்டார் என்ற அழகான கதையை நானும் தமதிரித்துவத் திருநாளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது அவர் எழுதிய நூல்கள் எதிலும் இல்லை. அவர் காலத்துக்கு வெகு பிந்திப் பிரசங்கங்களில் தோன்றியது. இப்போதும் சொல்லுகிறேன். "ஒரு பழைய கதை சொல்லுகிறது" என்று தொடங்கிச் சொல்லுகிறேன்.

4. ஐதிகத்தைவிடச் சரித்திரம் பெரிதாயிருக்கும் இடம்

இப்போது நம் மேற்றிராசனத்தின் பாதுகாவலரான அர்ச். சவேரியாரைப் பற்றிய ஒரு கதை. வடக்கேயிருந்து வந்த வடுகப் படை வேணாட்டின் மேல் பாய்ந்தபோது, சவேரியார் கையில் பாடுபட்ட சுரூபத்தை ஏந்திக் கோட்டாற்றுக்கு அருகில் தன்னந்தனியாய் எதிர்நின்றார். படை கலங்கித் திரும்பிற்று. மன்னர் மகிழ்ந்து அவரை "வலிய பாதிரி" என்று அழைத்துக் கோவிலுக்கு இடம் கொடுத்தார் என்பது அது. கோட்டாற்றுத் திருநாளுக்குப் போகும் எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

சவேரியார் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இந்தக் காட்சி இல்லை. அவற்றில் இருப்பது வேறு. 1544-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், வடுகருக்குத் தப்பிய கிறிஸ்தவர்கள் கன்னியாகுமரிக் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மாண்டுகொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட சவேரியார் அவர்களுக்கு உதவ மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. நாள்கணக்காய்க் கடலில் போராடியும் குமரிமுனை சேர முடியாமல் திரும்பினார். பிறகு கரைவழியே நடந்தே போனார். அங்கே அவர் கண்டது, உண்ண உணவில்லாதவர்கள், நடக்க முடியாத கிழவர்கள், வழியிலேயே மாண்டவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். அந்தக் கோரத்தைத் தம் உடன் ஊழியரான மன்சிலாசுக்கு எழுதினார்.

பிரியமானவர்களே, படையை நிறுத்திய சவேரியாரை எனக்குப் பிடிக்கும். ஆனால் படகு கரைசேராமல் திரும்பிவந்து, மறுபடியும் காலால் நடந்து போன சவேரியாரைக் காணும்போது என் நெஞ்சு உருகுகிறது. படையைக் கையசைத்து நிறுத்த என்னால் ஆகாது. தோற்ற இடத்திலிருந்து திரும்பி நடக்க என்னாலும் ஆகும். ஐதிகம் அவரை நமக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறது. சரித்திரம் அவரை நம் தெருவிலே நடக்க விடுகிறது. அதே வருஷக் கடைசியில் ஒரே மாதத்தில் திருவிதாங்கூர்க் கரையில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினாரே, அதற்கு வித்து அந்த நடையில் இருந்தது என்று நான் எண்ணுகிறேன்.

கடலோரப் பங்குகளில் வலையில் விழும் சிலுவை நண்டைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கீழைக் கடலில் புயலிலே சவேரியார் கைதவறவிட்ட பாடுபட்ட சுரூபத்தை ஒரு நண்டு கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது, அவர் ஆசீர்வதித்தார், அன்று முதல் அதன் ஓட்டில் சிலுவை அடையாளம் என்பது கதை. இதைச் சொன்ன சாட்சி, அறுபது வருஷத்துக்குப் பிந்தியே வாக்குமூலம் கொடுத்தார். நண்டின் ஓட்டு நிறமோ அந்த இனத்துக்கே உரிய நிறம். ஆயினும் வலையைப் பிரிக்கும் தகப்பன் அந்த நண்டை எடுத்து மகனுக்குக் காட்டிக் கதை சொல்லும்போது, உழைப்பின் நடுவே ஒரு செபம் பிறக்கிறது. கதையை வைத்துக்கொள்ளுங்கள். சத்தியம் செய்யச் சொல்லிப் பிள்ளையை வற்புறுத்தாதிருங்கள்.

5. நடவாத கதையும் பொய்யல்ல

மூன்றாவது, நீதிக் கதை. "நடக்கவில்லை என்றால் பொய்தானே?" என்று கேட்பவருக்கு வேதாகமமே பதில் சொல்லுகிறது.

நியாயாதிபதிகள் ஆகமம் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மரங்கள் தங்களுக்கு ஒரு இராசாவைத் தேடிப் போகின்றன. ஒலிவ மரம் தன் எண்ணெயை விட்டு வர மறுக்கிறது. அத்திமரம் தன் கனியை விட்டு வர மறுக்கிறது. திராட்சைக்கொடி தன் இரசத்தை விட்டு வர மறுக்கிறது. நிழலும் கனியும் இல்லாத முட்செடியோ உடனே சம்மதிக்கிறது. மரம் பேசுமா என்று யாரும் கேட்கவில்லை. உழைக்கிறவன் ஒதுங்கினால் முள் ஆளும் என்பதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

தாவீது இராசா பாவத்தில் விழுந்தபோது நாத்தான் தீர்க்கதரிசி நேரே குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். இராசா கோபத்தால் எரிந்து தீர்ப்புச் சொன்னபிறகே, அந்த மனிதன் நீரே என்றார். நம் ஆண்டவரும், எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போனவனைக் கள்ளர் அடித்துப்போட்ட வருஷம் எது என்று சொல்லவில்லை. சமாரியனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டு எத்தனை பேர் வழியில் கிடந்தவனைத் தூக்கியிருக்கிறார்கள்!

தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவரும் பரமார்த்த குரு கதையை எழுதிச் சிரிக்கவைத்தே அறிவு புகட்டினார். கைகள் வெட்டுண்ட பெண் தேவதாயின் அருளால் அவற்றைத் திரும்பப் பெற்றதாக நடிக்கப்பட்ட ஞானசௌந்தரி நாடகம் 1948-ல் திரைப்படமாகவும் வந்தது. அதைப் பார்த்து அழுத நம் பாட்டிமார், அது எந்த ஊரில் நடந்தது என்று விசாரிக்கவில்லை. அநியாயமாய்த் துரத்தப்பட்ட பெண்ணுக்குச் சர்வேசுரன் துணை என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

6. ஒரு கதை பெற்ற சரித்திரம்

இப்போது, அந்தப் பையனுக்கு நான் முக்கியமாய்ச் சொல்லியிருக்க வேண்டியதற்கு வருகிறேன்.

நீலகண்டன் எப்படிக் கிறிஸ்தவரானார்? அவர் வீட்டில் நஷ்டமும் துயரமும் தொடர்ந்து வந்தன. முகம் வாடியிருந்தவரை டிலனாய் கண்டு காரணம் கேட்டார். பிறகு அவருக்கு ஒரு கதை சொன்னார். மந்தைகளை இழந்து, மக்களை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தும் சர்வேசுரனை விடாதிருந்த யோபுவின் கதை அது.

கவனியுங்கள். யோபு எந்த வருஷத்தில் வாழ்ந்தார்? எந்த அரசன் காலம்? வேதாகமம் சொல்லவில்லை. அந்த ஆகமத்தைச் சரித்திரமாக அல்ல, நீதிமான் ஏன் துன்பப்படுகிறான் என்பதை ஆராயும் ஞானக் காவியமாகவே கத்தோலிக்க வேதசாஸ்திரிகள் இன்று பொதுவாய் வாசிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கதையைத்தான், போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறந்த நாட்டை இனிக் காண்போமா என்று அறியாத ஒரு சிப்பாய், உதயகிரியில் தன் சிநேகிதனுக்குச் சொன்னான். கேட்டவன் அதைக் கதையென்று தள்ளவில்லை. அதற்குள்ளே தன்னைக் கண்டான். பிறகு அவனே யோபுவானான். பதவி போயிற்று, வீடு போயிற்று, எருமைக் கடாவின் மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்பார்கள். கடைசியில் உயிரும் போயிற்று. அந்த மரணத்துக்குத் தேதி உண்டு, இடம் உண்டு, கல்லறை உண்டு.

தேதியில்லாத கதை ஒன்று, தேதியுள்ள ஒரு சரித்திரத்தைப் பெற்றெடுத்தது! ஆகையால் "மெய்யாய் நடந்ததா?" என்ற கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் வைக்கவேண்டும்: "இது என்னில் நடக்குமா?" முதல் கேள்வியைக் கேட்க விடாமல் அடக்கினால், இரண்டாம் கேள்வி பிறப்பதே இல்லை. முதல் கேள்வியோடு நின்றுவிட்டாலும் இரண்டாவது பிறப்பதில்லை.

இங்கே நம் எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை. பாறை நீர் கொடுத்த கதையை நாம் மறவாமல் சொல்லுகிறோம். ஆனால் அவர் சாதி வேறுபாடு பாராமல் எல்லா மனிதரும் சமம் என்று போதித்ததையும், அதுவே பெரியவர்களின் பகையை மூட்டியதையும் எத்தனை வீட்டில் சொல்லுகிறோம்? அர்ச்சியசிஷ்டர் பட்டம் கொடுத்தபோது திருச்சபை அவருடைய சாதிப் பெயரைச் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அழைத்தது. நாமோ புலியூர்க்குறிச்சித் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வந்து வீட்டில் வைத்துக்கொண்டு, கலியாணப் பேச்சு வந்ததும் முதலில் சாதி விசாரிக்கிறோம். புதுமையைப் பற்றிய கதை நமக்கு இன்பம் தருகிறது; சரித்திரமோ நம்மிடம் கடன் கேட்கிறது. கடனைக் கொடுக்க மனமில்லாதபோதும் நாம் கதையில் ஒளிந்துகொள்ளுவதுண்டு. சந்தேகப்படுகிற பையனைவிட இது பெரிய அவிசுவாசம் அல்லவா?

7. வீட்டில் கதை சொல்லுகிறவர்களுக்கு மூன்று புத்திமதிகள்

ஒன்று: கதை சொல்லுங்கள். இராச்செபம் முடிந்து பாட்டியின் மடியில் கதை கேட்ட பிள்ளைகளே நம் பங்குகளை இதுவரை தாங்கினார்கள். தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் அந்த நாற்காலியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பக்தியில்லை என்று புலம்பிப் பயனில்லை.

இரண்டு: எந்த வகைக் கதை என்பதைத் தொடங்கும்போதே தெரியப்படுத்துங்கள். சரித்திரமானால், "1752-ல் நம் ஆரல்வாய்மொழியில்" என்று தொடங்குங்கள். ஐதிகமானால், "நம் முன்னோர் சொல்லி வருகிறார்கள்" என்று தொடங்குங்கள். நீதிக் கதையானால், "ஒரு ஊரிலே" என்றாலே பிள்ளைக்குப் புரியும். கேட்ட கதைக்கு மேல் நம் கையால் ஒரு புதுமையையும் சேர்க்கவேண்டாம். சர்வேசுரனுக்கு நம் பொய் தேவையில்லை.

மூன்று: பிள்ளை கேள்வி கேட்டால் மகிழுங்கள். கேட்கிற பிள்ளை கவனிக்கிற பிள்ளை. தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததை, "எனக்குத் தெரியல்ல மக்களே, ஞாயிற்றுக்கிழமை சாமிகிட்ட கேட்போம்" என்று சொல்லுங்கள். நானும் என் பங்குக்கு, இனி ஒருவரையும் "உட்காரு" என்று சொல்லுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாலைப்பொழுதில் தேவசகாயத்தின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கடவது. முதலில் தேதியும் சாட்சியும் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு பாறையையும் வேம்பையும் மணியோசையையும் சொல்லுங்கள். கடைசியில் யோபுவின் கதையைச் சொல்லி, நம் வீட்டுத் துன்பம் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துச் செபியுங்கள்.

அந்த வாலிபனுக்கு அடக்கத்தன்று நான் பெரிய பதில் ஒன்றும் சொல்லவில்லை. "அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி, அதட்டியது என் பிழை" என்று மாத்திரம் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் நின்று, பாட்டியின் குழிமேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனான். அவன் தாயார் இந்தப் பத்திரிகையை அவனுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வாசிப்பானோ அறியேன். வாசித்தால், இன்னும் கேள்விகளோடு வரட்டும். மேற்றிராசனக் கோவிலுக்கு இருவரும் சேர்ந்து போய், அந்தக் கல்லறை முன் முழந்தாளிட்டு, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.